பழைய வீடு வாங்குமுன்: அளவு, விரிசல், அனுமதி மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

தமிழ்நாட்டில் பழைய தனிவீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து, லீகல் ஒப்பீனியன் வாங்கியதும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். வக்கீல் பார்ப்பது காகிதத்தை. காகிதத்தில் இருக்கும் இடமும் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் இடமும் ஒன்றுதானா, அதன் மேல் நிற்கும் கட்டடம் அனுமதி வாங்கிய அதே கட்டடம்தானா என்பதை அவர் நேரில் வந்து பார்ப்பதில்லை. அளவுக்கு சர்வேயர், விரிசலுக்கு இன்ஜினியர், அனுமதிக்கு நகராட்சி என்று இந்த வேலையை மூன்றாகப் பிரித்துவிடுவது இன்னொரு தவறு. உண்மையில் ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும். பின்கட்டுச் சமையலறை வீட்டோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் விரிசல் ஓடினால், அந்தச் சமையலறை பிற்பாடு சேர்த்தது. பிற்பாடு சேர்த்தது என்றால் அனுமதி வரைபடத்தில் பெரும்பாலும் இருக்காது. விட வேண்டிய காலியிடத்தில்தான் கட்டியிருப்பார்கள். சில வேளை பக்கத்து மனையிலும் அரை அடி நுழைந்திருக்கும்.

முதலில் வாங்க வேண்டிய காகிதங்கள்

விற்பவரிடம் தாய்ப்பத்திரம் உட்பட எல்லாப் பத்திரங்களின் நகல், கட்டட அனுமதி உத்தரவு, அதோடு முத்திரையிட்ட வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். வில்லங்கச் சான்றிதழை நீங்களே பதிவுத் துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்குப் போட்டு எடுங்கள். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். நகரப் பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் கொடுத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுக்க வேண்டும். அ-பதிவேட்டை யாரும் கேட்பதில்லை, ஆனால் கட்டாயம் பாருங்கள். அந்த சர்வே எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, புறம்போக்கா, வாய்க்காலா, வண்டிப்பாதையா என்பது அதில்தான் தெரியும்.

வரைபடம் தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொல்வது சகஜம். அவர் முன்பு வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் வங்கிக் கோப்பில் ஒரு நகல் இருக்கும். இல்லையென்றால் அனுமதி கொடுத்த உள்ளாட்சி அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வரைபடம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிறகு வரும் கேள்விகளில் பாதிக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பத்திர அளவும் பட்டா அளவும்

பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தியும் (நான்கு எல்லை விவரம்) நான்கு பக்க அளவும் இருக்கும். உதாரணத்துக்கு இப்படி: கிழமேல் வடபுறம் 30 அடி, தென்புறம் 32 அடி, தென்வடல் கீழ்புறம் 60 அடி, மேல்புறம் 58 அடி (பத்திர மொழியில் கீழ்புறம் கிழக்கு, மேல்புறம் மேற்கு). எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி எடுத்துப் பெருக்குவது பத்திர எழுத்தர் வழக்கம்: 31 × 59 = 1829 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது ஏறக்குறைய 4.2 சென்ட். பட்டாவில் இதே இடம் ஹெக்டேர்-ஏர் கணக்கில் வரும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1076 சதுர அடி. ஆகவே பட்டாவில் 0.01.70, அதாவது 1.70 ஏர், என்று இருந்தால் இரண்டும் பொருந்துகின்றன.

இந்தச் சராசரிக் கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. நான்கு பக்க அளவும் மாறாமல் இருக்க, மனை கோணலாகச் சாய்ந்தால் பரப்பு குறையும். மேலே சொன்ன மனையில் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப் பிடித்தால் 67 அடி வந்தால் பரப்பு சுமார் 1828 சதுர அடி, கணக்கு சரி. அதே இடத்தில் 72 அடி வந்தால் பரப்பு சுமார் 1790 தான். பத்திரத்தில் எதுவும் பொய்யில்லை, ஆனால் இல்லாத 39 சதுர அடிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதனால் நான்கு பக்கத்தோடு குறுக்களவு ஒன்றையும் அளந்து, மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணப் பரப்பு சொல்லும் செயலிகள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. வீடு நடுவில் நிற்பதால் மூலைக்கு மூலை டேப் போகாது என்றால் மொட்டைமாடியிலிருந்து அளக்கலாம், அல்லது டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்திருக்கும் தனியார் சர்வேயரைக் கூப்பிடலாம்.

புலப்படத்தைப் பார்க்கும்போது முதலில் அலகைக் கவனியுங்கள். பழைய புலப்படங்கள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி, அது 66 அடி. கோட்டின் மேல் 45.4 என்று இருந்தால் லிங்க்ஸ் கணக்கில் அது 30 அடி; மீட்டர் என்று எண்ணிவிட்டால் 149 அடி ஆகிவிடும். நடுவில் சர்வே எண், உள்ளே உட்பிரிவு எண்கள், வெளியே பக்கத்து சர்வே எண்கள் இருக்கும்.

உங்கள் மனை தனி உட்பிரிவாக இல்லாமல் பெரிய உட்பிரிவு ஒன்றில் பத்துப் பேரோடு கூட்டுப் பட்டாவில் இருந்தால், புலப்படத்தில் உங்கள் மனைக்கென்று எந்த அளவும் கிடையாது. யார் எங்கே இருக்கிறார் என்பதற்கு அப்போது பத்திரமும் மனைப்பிரிவு வரைபடமும்தான் ஆதாரம். விலை பேசும் முன் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். சில மாதம் ஆகும், காத்திருப்பதில் நஷ்டமில்லை.

எல்லை பற்றிச் சந்தேகம் இருந்தால் எஃப்-லைன் மனு போட வேண்டும். நில உரிமையாளர்தான் போட முடியும் என்பதால் விற்பவர் பெயரில் இணையம் வழியாகவோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டிப் பதியுங்கள். அரசு சர்வேயர் பக்கத்து உரிமையாளர்களுக்கும் தேதி சொல்லிவிட்டு வந்து, புலப்படத்தில் உள்ள நிரந்தரக் கற்களிலிருந்து அளந்து எல்லை காட்டுவார். தனியார் சர்வேயர் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அவர் சொல்வது உங்களுக்குத் தகவல்தான். பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. சுற்றுச்சுவரை எல்லை என்று நம்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்துக்குக் கட்டிய சுவர் உள்ளே தள்ளியும் இருக்கும், வெளியே தள்ளியும் இருக்கும்.

வீட்டைச் சுற்றி நடப்பது

கையில் 30 மீட்டர் டேப், நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், பென்சில், பழைய ஏடிஎம் கார்டு, ஒரு துண்டு அலுமினியத் தாள், செலோடேப், இவற்றோடு மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல். மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போவது நல்லது. விற்கும் நேரத்தில் புதுப் பெயிண்ட் அடித்த வீடு என்றால் சந்தேகம் இரண்டு மடங்காக இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்த பீரோவை நகர்த்தச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள்.

முதலில் கட்டடம் எந்த வகை என்று தெரிய வேண்டும். சுவரெல்லாம் 9 அங்குலம், மூலையில் பில்லர் இல்லை என்றால் சுவரே தளத்தைத் தாங்குகிறது. அந்த வீட்டில் ஹாலைப் பெரிதாக்கலாம் என்று நடுச்சுவரை இடிக்க முடியாது. பில்லர், பீம் உள்ள வீட்டில் சுவர் வெறும் தடுப்பு. ஆனால் பழைய வீடுகளில் கீழ்த்தளம் சுவர் மீதும் மேல்மாடி பில்லர் மீதுமாகக் கலந்து கட்டியிருப்பார்கள். மேல்மாடி பில்லர் கீழே எங்கே இறங்குகிறது என்று தேடுங்கள். கீழே சுவரில் முடிந்துவிட்டால், அந்த மாடி பிற்பாடு எழுந்தது. நேரே அனுமதி வரைபடத்துக்குப் போய் எத்தனை தளத்துக்கு அனுமதி என்று பாருங்கள்.

விரிசலைப் படிப்பது

பூச்சில் சிலந்திவலைபோல் ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சோடு போய்விடும். சுரண்டிப் பாருங்கள், உள்ளே செங்கல்லில் தொடரவில்லை என்றால் பட்டியும் பெயிண்டும் போதும். மேல்தளத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடுவது வெயிலில் கான்கிரீட் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. வீடு விழாது, ஆனால் மழைநீர் உள்ளே வரும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக வருவது இரண்டு பொருளும் வேறு வேறாகச் சுருங்குவதால். கோழிவலை வைத்துப் பூசினால் சரியாகும்.

கவலைப்பட வேண்டியவை இவை: ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலமாகும் விரிசல். அந்த மூலையில் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், இறங்குகிறது. பீமின் முனையில், பில்லரை ஒட்டி 45 டிகிரி சாய்வில் வரும் விரிசல். அன்றைக்கே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டியது இது. பால்கனி அல்லது சன்ஷேட் சுவரைத் தொடும் இடத்தில், மேல்பக்கம் ஓடும் விரிசல். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் பளு தாங்கும் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் அன்று ஆட்கள் அதன் மேல் நடந்து மிதித்து, கம்பி கீழே இறங்கிவிடும்; பிறகு அந்தத் தளம் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான்.

அகலம் அளக்க ஏடிஎம் கார்டு போதும். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கார்டு நுழையாத விரிசல் பெரும்பாலும் அழகுக் குறை. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது. ஆனால் அகலத்தைவிட முக்கியம், அது இன்னும் நகர்கிறதா என்பது. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் சின்னக் கண்ணாடித் துண்டை இருபுறமும் பாரிஸ் சாந்து வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் கட்டடம் நகர்கிறது. கோவில்பட்டி, கோவை போன்ற இடங்களின் கரிசல் மண்ணில் இது ஒரு கோடையும் ஒரு மழையும் பார்க்க வேண்டிய வேலை. கரிசல் வெயிலில் சுருங்கி விரிசலைத் திறக்கும், மழையில் உப்பி மூடும். கோடையில் நீங்கள் பார்த்த விரிசல் ஐப்பசியில் காணாமல் போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த மண்ணில் ஆழமில்லாத சாதாரண கடைக்கால் போட்ட வீட்டில் மாடி எடுக்கும் யோசனையே வேண்டாம்.

கம்பியும் ஈரமும்

தளத்தின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று ‘டொப்’ என்று மாறினால் அங்கே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கம்பி ஓடும் திசையிலேயே கோடாக விரிசல் வந்து, பிறகு காரை பெயர்ந்து விழும். குளியலறைக்கு நேர் கீழே, சன்ஷேட் அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இது அதிகம். காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைக்காமல் போட்டது. தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இரண்டு, உப்பு போர்வெல் தண்ணீரில் கலவை போட்டது. கடலோரத்தில் காற்றின் உப்பும் சேரும். அங்கே அந்த 20 போதாது, 45 மில்லிமீட்டர் வேண்டும்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் இடத்தில் கான்கிரீட்டைப் புதிதாக உடைத்து, தூசி தட்டி, பினால்ப்தலீன் கரைசலைத் தெளிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் பார்த்த அதே கரைசல்தான். ரோஸ் நிறமானால் அந்தக் கான்கிரீட்டில் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, கம்பி பாதுகாப்பாக இருக்கும். நிறம் மாறாத பட்டை கம்பி வரைக்கும் போயிருந்தால் காரம் போய்விட்டது. துரு வரும் அல்லது வந்துவிட்டது. உப்பால் வந்த துருவை மட்டும் இது காட்டாது. அதற்குக் கான்கிரீட் தூளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி குளோரைடு பார்க்க வேண்டும்.

இதைச் சரிசெய்வதில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. பெயர்ந்த இடத்தில் சிமென்ட் கலவை அப்பிப் பெயிண்ட் அடித்தால் ஒன்றிரண்டு மழைக்காலம் தாங்கும், பிறகு துண்டாக விழும். பின்னால் துரு நிற்கவில்லை. சரியான வேலையில் கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டில் ஒட்டுப்பூச்சு அடித்து, அது காயும் முன் பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கம்பி கணிசமாக அரித்து மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். இந்த விலையை விசாரித்து வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சுவரின் கீழ் மூன்றடி வரை உப்பு பூத்துப் பூச்சு பொரிந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. பேஸ்மெண்ட் மட்டத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லை. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் குழாய். சந்தேகம் வந்தால் ஈரமான இடத்தில் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் செலோடேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்தால் காற்றோட்டம் போதவில்லை. மொட்டைமாடிக்கு, மழைநீர்க் குழாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் பாருங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்பில் போட்ட தளம் அது. தேங்கும் தண்ணீர் கட்டையின் சுவருக்குள் இருக்கும் முனையை உளுக்க வைக்கும். அந்த முனைகளைத்தான் கோணியூசியால் குத்திப் பார்க்க வேண்டும்.

தெரு மட்டமும் முக்கியம். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசல்படி தெருவுக்குக் கீழே போயிருந்தால் மழைநீரும் சாக்கடையும் உள்ளே வரும். சென்னையில் 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல.

அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு

வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு அறையையும் நேரில் டிக் அடியுங்கள். நான்கு பக்கமும் விட்ட இடைவெளியை அளந்து எழுதுங்கள். வழக்கமாகப் பிடிபடுவது: காலியிடத்தில் எழுந்த கழிவறை, வெளிப்பக்க மாடிப்படி, கார் நிறுத்துமிடத்தைக் கடையாக்கியது, மொட்டைமாடியில் ஒரு வாடகை அறை. வீட்டு வரி ரசீதில் அவையெல்லாம் ஏறியிருக்கலாம். வரி கட்டுவது அனுமதி ஆகாது.

யாரிடம் அனுமதி என்பதில் குழப்பம் வேண்டாம். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி திட்ட அனுமதி, உள்ளாட்சியின் கட்டட அனுமதி என்று இரண்டு உண்டு. திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). சிறிய வீடுகளுக்கு இந்த அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்திருக்கிறார்கள். 1189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர் எல்லை 2022-ல் 5904 ஆக விரிந்தது என்பதால், முன்பு டிடிசிபி ஊராக இருந்தவை பல இப்போது சிஎம்டிஏவுக்குள் வந்துவிட்டன. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று விற்ற மனைகளுக்குத் தனிச் சிக்கல். அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்தும் திட்டம் 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். வரன்முறை உத்தரவு இல்லாத மனையில் வீடு நின்றால் கட்டட அனுமதி கிடைக்காது.

அனுமதியில்லாத பகுதி இருந்தால் என்ன ஆகும்? அதே சட்டத்தின் 56, 57-ம் பிரிவுகளின்படி நோட்டீஸ், பூட்டி சீல் வைப்பது, இடிப்பது வரை போகலாம். நோட்டீஸ் வரும்போது வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்’ என்று தரகர் சொன்னால் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். 113-சி பிரிவில் வந்த கட்டட வரன்முறைத் திட்டம் 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும். அதற்குப் பிறகு கட்டியதை இன்றைய விதிக்குள் அடங்கினால் திருத்திய அனுமதி வாங்கலாம்; அடங்காவிட்டால் இடிப்பதுதான் வழி.

வாங்கிய பிறகு மாற்றம் செய்யும்போது

உள்ளே பூச்சு, தரை, பெயிண்ட், வயரிங், குழாய் வேலைக்கு அனுமதி தேவையில்லை. தளம் கூட்டுவது, அறை சேர்ப்பது, படிக்கட்டை வெளியே எடுப்பது, வீட்டைக் கடையாக்குவது ஆகியவற்றுக்கு வேண்டும். பில்லர், பீம், பளு தாங்கும் சுவரைத் தொடும் எந்த வேலைக்கும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு வேண்டும். 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி சாதாரண கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனை 1790 சதுர அடி என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 3580 சதுர அடி வரை போகலாம். குறுக்களவு பார்க்காமல் 1829 என்று வரைந்து கொடுத்தால் 78 சதுர அடி அதிகமாகக் கட்டிவிடுவீர்கள்.

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை எளிது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி வரும். முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால் கொடுத்த அளவுக்கு முழுப் பொறுப்பு உங்களுடையது.

மாடி எடுக்கும் முன் கடைக்காலை ஓரிடத்திலாவது தோண்டிப் பார்க்க வேண்டும்: எவ்வளவு ஆழம், கருங்கல்லா செங்கல்லா, அடியில் அகலம் எவ்வளவு, பில்லர் என்றால் அடித்தளத் தட்டு எத்தனை அடி. இரண்டு பில்லரில் பார்த்தால் இன்னும் நல்லது. பொதுச்சுவர் இருந்தால் அதன் மேல் சுவர் எழுப்பப் பக்கத்து உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். வேலை தொடங்கும் முதல் நாளுக்கு முன் பக்கத்து வீட்டின் சுவர்களில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து, அச்சிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.